தாயும் மகனுமாக ஆஸ்திரேலியா: மதுரையிலிருந்து திட்டமிடும் இருவருக்கான முழுமையான வழிகாட்டி

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள், நானும் என் ஒன்பது வயது மகனும் மதுரை விமான நிலையத்தில் நின்றோம். கணவருக்கு மாசி வீதியில் ஜவுளிக் கடை. வைகாசி முகூர்த்தம் நெருங்கும்போது ஒரு நாள்கூடக் கடையை விட்டு நகர முடியாது. நான் ஆசிரியை. எனக்கும் பிள்ளைக்கும் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைப்பது மே மாதத்தில்தான். மூவரும் ஒன்றாகப் போகும் காலம் வரட்டும் என்று காத்திருந்தால் பிள்ளை மீசை முளைத்து நிற்பான் என்று தோன்றியது. அவரே சொன்னார்: "நீங்கள் இருவரும் போய்விட்டு வாருங்கள்."

"அவ்வளவு தூரம், ஆண் துணை இல்லாமல், பச்சைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டா?" என்று அப்பத்தா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் பயத்தில் பாதி நியாயமானது. பெரியவர் ஒருவர், குழந்தை ஒன்று, முன்பின் தெரியாத ஒரு கண்டம்: இந்தக் கணக்கில் கைமாற்றிவிட ஆள் கிடையாது. அதனால்தான் சாதாரணச் சுற்றுலாத் திட்டம் இதற்கு உதவாது. ஆறு மாதம் நான் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். அப்பாவும் மகளுமாகப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை: வரைபடத்தின் மேல் தமிழ்நாட்டை வைத்துப் பாருங்கள்

டிக்கெட் விலையைத் தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரேலிய வரைபடத்தைப் பெரிய தாளில் எடுத்து, அதே அளவுகோலில் தமிழ்நாட்டையும் எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டினோம். மகன் அந்தத் துண்டை மேலே வைத்தான். அவன் உள்ளங்கையில் அடங்கிப்போகும் துண்டு. சுற்றிலும் வெற்றுத் தாள். ஆஸ்திரேலியாவின் பரப்பு சுமார் 77 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல்; தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய 59 மடங்கு. டாஸ்மேனியாவுக்கு அடுத்தபடியாகச் சிறிய மாநிலம் விக்டோரியா. அதுவே தமிழ்நாட்டைவிடப் பெரியது. "அம்மா, மதுரை எங்கே தெரிகிறது?" என்று கேட்டான். பேனா முனையால் ஒரு புள்ளி வைத்துக் காட்டினேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்பே ஒரு பயண முகவர் எனக்கு 14 நாள் திட்டம் ஒன்றைத் தந்திருந்தார். சிட்னி, மெல்போர்ன், கோல்டு கோஸ்ட், கெய்ர்ன்ஸ், உலுரு: ஐந்து ஊர். பட்டியலாகப் படிக்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஊர் மாற்றமும் எப்படி நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டியோடு விமான நிலையம், காத்திருப்பு, இரண்டு மூன்று மணி நேரப் பறப்பு, மறுபடி பெட்டி, புது ஊரில் பிற்பகலில் அறை, பசித்து அழும் பிள்ளை. ஒரு மாற்றத்துக்கு ஒரு நாள் என்று வைத்தால் நான்கு நாள் விமான நிலையங்களிலேயே கழியும். போக வர இரண்டு மூன்று நாள். மிச்சம் ஏழு நாளுக்கு ஐந்து ஊர்.

சிட்னியிலிருந்து பெர்த்துக்கு விமானத்திலேயே சுமார் ஐந்து மணி நேரம். சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குச் சாலை வழி கிட்டத்தட்ட 880 கிலோமீட்டர், அதாவது மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம். வரைபடத்தில் அவை பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

ஆகவே என் விதி இது: இரண்டு வாரத்துக்கு இரண்டு ஊர். பத்து நாள்தான் என்றால் ஒரே ஊர். நாடு பெரியது என்பதற்காகவே திட்டம் சிறியதாக இருக்க வேண்டும். நாங்கள் மெல்போர்னில் ஆறு இரவு, சிட்னியில் ஏழு இரவு என்று முடிவு செய்தோம். உலுருவை விடுவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒத்தக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் யானைமலையை அண்ணாந்து பார்க்கிற பிள்ளை, பாலைவனத்தின் நடுவே 348 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தச் செம்பாறையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். போக, வர, தங்க மூன்று நாளும் தனிச் செலவும் ஆகும். அவனையே கணக்குப் போடச் சொன்னேன். போட்டுப் பார்த்துவிட்டு, "பெரியவனானதும் போகிறேன்" என்றான். விடுகிற இடத்தைப் பிள்ளையோடு சேர்ந்து விடுங்கள். பிறகு அங்கே போய் நின்று அடம்பிடிக்க மாட்டார்கள்.

எந்த மாதம்?

அங்கே பருவங்கள் நமக்கு நேர்மாறு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர். நமக்கு அரையாண்டு விடுமுறை வரும் கிறிஸ்துமஸ் நேரம் அவர்களுக்கும் பள்ளிக் கோடை விடுமுறை. விமானம், அறை எல்லாம் விலை ஏறி நிற்கும். பத்து நாள் விடுமுறையில் நான்கு நாள் பயணத்துக்கும் தூக்கத்துக்கும் போய்விடும். அந்த மாதம் வேண்டாம் என்பதே என் கருத்து.

மே மாதம் அங்கே இலையுதிர்காலத்தின் கடைசி. நமக்குக் கத்தரி வெயில் கொளுத்தும்போது சிட்னியில் பகல் 20 டிகிரி அளவில் இருக்கும், மெல்போர்னில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறைவு. விடியற்காலையில் மெல்போர்ன் பத்துக்கும் கீழே போகும். மதுரைக் குழந்தைக்கு இது குளிர்தான். ஆனால் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போதும்.

மே மாதத்தில் இன்னொரு நன்மை உண்டு: சூரியன் ஐந்து, ஐந்தரைக்கே மறைந்துவிடும். பகல் குறைகிறதே என்று பெரியவர்கள் நினைப்பார்கள். குழந்தைக்கு அதுதான் வசதி. மெல்போர்ன் பக்கத்திலுள்ள பிலிப் தீவில் பென்குயின்கள் கடலிலிருந்து கரையேறுவது இருட்டும் நேரத்தில். டிசம்பரில் போனால் அதற்காக இரவு ஒன்பது மணி வரை விழித்திருக்க வேண்டும். மே மாதத்தில் ஆறு மணியளவில் வந்துவிடுகின்றன.

வடக்கே கெய்ர்ன்ஸ் பக்கம் பவளப்பாறைத் திட்டுகளைப் பார்க்க நினைப்பவர்கள் ஜூன் முதல் அக்டோபருக்குள் போவது நல்லது. நவம்பரிலிருந்து மே வரை அந்தக் கடலோரத்தில் கொடிய விஷமுள்ள ஜெல்லி மீன்கள் வரும் காலம்.

ஆறு மாதம் முன்: பாஸ்போர்ட்டும் பெயரும்

பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான். நான்கு வயதில் எடுத்தது ஒன்பதில் முடிந்திருக்கும். எடுத்துத் தேதியைப் பாருங்கள். திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகும்படி இருப்பது பாதுகாப்பு. மதுரையிலேயே மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் இருப்பதால் இதற்காகச் சென்னைக்கோ திருச்சிக்கோ அலைய வேண்டியதில்லை. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மத உறுதிமொழி வேண்டும்.

தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் பெயரில் இருக்கிறது. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால், விமான டிக்கெட் போடும் பக்கம் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லி முரண்டு பிடிக்கும். குழந்தைக்குப் புதிதாக எடுக்கும்போதே தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுவது நல்லது.

அடுத்தது தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. என் பாஸ்போர்ட் திருமணத்துக்கு முன்பு எடுத்துப் புதுப்பித்தது. அதில் என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். மகன் பெயருக்குப் பின்னால் அவன் அப்பா பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு, இவள்தான் இவன் தாய் என்று காட்ட அதில் ஒன்றுமே இல்லை. அந்த உறவை நிரூபிக்கும் ஒரே தாள் பிறப்புச் சான்றிதழ். எங்களிடம் இருந்ததில் குழந்தையின் பெயரே இல்லை. பிறந்த வாரத்தில் வாங்கியது, பெயர்க் கட்டத்தில் வெறும் கோடு. நம் ஊரில் பல வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. மாநகராட்சியில் விண்ணப்பித்துப் பெயரைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்கினோம். இன்று இரவே உங்கள் பீரோவைத் திறந்து அந்தத் தாளைப் பாருங்கள். பெற்றோர் பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகின்றனவா என்றும் சரிபாருங்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழில் ஆங்கிலமும் இருப்பதால் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தமிழில் மட்டும் இருக்கிற ஆவணம் எதுவானாலும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத்தான் தர வேண்டும்.

நான்கு மாதம் முன்: விசா

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பார்வையாளர் விசா, அதாவது சப்கிளாஸ் 600. ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் இம்மிஅக்கவுண்ட் என்ற கணக்கைத் திறந்து நாமே விண்ணப்பிக்கலாம். இடையில் ஆள் தேவையில்லை. குழந்தைக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். சிறு பிள்ளை என்று சலுகை கிடையாது. செலவுக் கணக்கில் இதை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையைக் கூட்டிப் போகும்போது மற்றவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அதற்குப் படிவம் 1229. பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விசா வழங்கச் சம்மதிக்கிறேன் என்று ஊரில் இருக்கும் தந்தை கையெழுத்திட்டுத் தருவது. கையெழுத்து அவருடைய பாஸ்போர்ட்டில் இருப்பதைப் போலவே இருக்கட்டும்; பாஸ்போர்ட் நகலையும் இணையுங்கள். இதோடு, பயணத் தேதிகளும் இடங்களும் குறிப்பிட்ட ஒரு சம்மதக் கடிதத்தை நோட்டரி முத்திரையோடு தனியாக வாங்கி வைத்தேன். விமான நிலையத்தில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு. கடைசி வரை யாரும் கேட்கவில்லை. கைப்பையில் இருந்ததால் நான் நிம்மதியாக இருந்தேன்.

மற்ற தாள்கள்: ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, நான் வேலை செய்யும் பள்ளி தந்த விடுப்புக் கடிதம், மகன் படிக்கும் பள்ளியின் கடிதம், திருமணச் சான்றிதழ், நாள் வாரியான பயணத் திட்டம். செலவைக் கணவர் ஏற்கிறார் என்றால் அவருடைய கடிதமும் கடையின் கணக்குகளும். போகிறவர்கள் திரும்பி வருவார்களா என்பதுதான் விண்ணப்பத்தைப் படிக்கிறவரின் கேள்வி. ஊரில் வேலை, பள்ளி, வீடு, கணவர் எல்லாம் காத்திருக்கின்றன என்பதைத் தாள்கள் சொல்ல வேண்டும். அரசு ஊழியர்கள் துறையின் அனுமதியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அந்தக் கோப்பு நகரவே நாளாகும்.

விசா கையில் வரும் வரை, பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

டிக்கெட்: எந்த வழி, எத்தனை துண்டு?

மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. பறக்கும் நேரம் ஒரு மணி அளவே. கொழும்பிலிருந்து மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் நேரடி விமானங்கள் உண்டு, பத்தரை மணி நேரம் அளவில். இன்னொரு வழி திருச்சி. பஸ்ஸிலோ காரிலோ இரண்டரை மணி நேரத்தில் திருச்சிக்குப் போனால் அங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பிறகு ஆஸ்திரேலியா. விலை சில சமயம் திருச்சி வழியில் நன்றாகக் குறையும்.

குறைகிறதே என்று இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து வாங்கும் ஆசை வரும். ஒற்றைப் பெற்றோராகப் போகிறவர்களுக்கு அது வேண்டாம். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக இருந்தால் நடு ஊரில் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி உள்ளே போக வேண்டும். அந்த நாட்டு விசா தேவைப்படலாம். நள்ளிரவில் தூங்கும் பிள்ளையை ஒரு தோளிலும் பெட்டியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு செய்யும் காரியமா அது?

போகும்போது மெல்போர்னில் இறங்கி, திரும்பும்போது சிட்னியில் ஏறும்படி டிக்கெட் போடுங்கள். வந்த ஊருக்கே திரும்பும் வீண் பயணம் மிச்சம். மெல்போர்னிலிருந்து சிட்னிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், பகல் ரயிலில் 11 மணி நேரம். நாங்கள் விமானத்தில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாத பிள்ளையாக இருந்தால் ரயிலையும் யோசிக்கலாம்.

இருவருக்கும் பக்கத்து இருக்கையை முன்பதிவு செய்துவிடுங்கள், சைவ உணவு வேண்டுமென்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் கிடைக்காது. பன்னிரண்டு வயது நிறைந்தால் பெரியவர் கட்டணம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தங்குமிடமும் தயிர்ச்சோறும்

நட்சத்திர ஓட்டலைவிட, சிறு அடுக்களை உள்ள அறையைத் தேடுங்கள். துணி துவைக்கும் இயந்திரமும் இருந்தால் பெட்டியின் எடை பாதி குறையும். முழு நாள் அலைந்து வந்த பிள்ளை இரவில் கேட்பது சோறு. அங்கே எந்தப் பெரிய அங்காடியிலும் அரிசியும் இனிப்புச் சேர்க்காத கெட்டித் தயிரும் கிடைக்கின்றன. முதல் இரவு சுடுசோற்றில் தயிரைப் பிசைந்து, ஊறுகாய் இல்லாமல் உப்பு மட்டும் போட்டுக் கொடுத்தேன். தட்டை வழித்துத் தின்றுவிட்டு அப்படியே தூங்கினான்.

அறை ரயில் நிலையத்துக்கோ டிராம் நிறுத்தத்துக்கோ நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். மெல்போர்னின் மையப்பகுதியில் டிராமுக்குக் கட்டணம் இல்லாத வட்டம் ஒன்று உண்டு. அதற்குள் தங்கினால் கால் வலிக்கும்போதெல்லாம் ஏறிக்கொள்ளலாம். சிட்னியில் மேற்குப் புறநகர்களான வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் தமிழ்க் கடைகளும் இலங்கைக் கடைகளும் நிறைய. மேஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது. ஆனால் கடலும் துறைமுகமும் அங்கிருந்து தூரம். நாங்கள் நகருக்குள் தங்கி, ஒரு நாள் மட்டும் ரயிலில் அந்தப் பக்கம் போய் வந்தோம்.

நாள்களை வகுப்பது

மே மாதத்தில் மெல்போர்ன், சிட்னி நேரம் நம்மைவிட நான்கரை மணி முன்னால். அங்கே காலை ஏழு என்றால் பிள்ளையின் உடம்புக்கு அது அதிகாலை இரண்டரை. முதல் இரண்டு நாள் காலை பத்து மணிக்கு முன்னால் எதையும் பதிவு செய்யாதீர்கள்.

ஒரு நாளுக்கு ஒரு பெரிய காரியம். அது முடிந்தால் பூங்கா, இல்லாவிட்டால் அறை. ஒரு நாள் நான் தேர்ந்தெடுப்பது, அடுத்த நாள் அவன் தேர்ந்தெடுப்பது. நான்கு நாளுக்கு ஒரு முறை வெறும் நாள். அதில் திட்டமே கிடையாது. மூன்றாம் நாள் மாலை மகனுக்கு உடம்பு சூடாக இருந்தது. நான்காம் நாள் வெறும் நாளாக இருந்ததால் எந்தப் பணமும் வீணாகவில்லை; முழு நாளும் தூங்கி எழுந்தான். அந்த ஐந்து ஊர்த் திட்டத்தில் அன்று நாங்கள் விமானத்தில் இருந்திருப்போம்.

மெல்போர்னில் எங்களுக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, டாண்டனாங் மலைப்பகுதியில் ஓடும் பஃபிங் பில்லி என்ற நீராவி ரயில். 1900-ல் தொடங்கிய குறுகிய பாதை. ஊட்டி ரயிலில் போன பிள்ளைகளுக்கு ஒப்பிட்டுப் பேச நிறைய இருக்கும். மெல்போர்னிலிருந்து புறநகர் ரயிலில் பெல்கிரேவ் வரை போனால் அங்கே ஏறிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பிலிப் தீவு. மெல்போர்னிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். கார் ஓட்டாதவர்களுக்குச் சுற்றுலாப் பஸ் உண்டு. டிக்கெட்டை முன்பே வாங்க வேண்டும். கடலைப் பார்த்த படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். காற்று காதை அறுத்தது. குரங்குக் குல்லாவும் என் சால்வையுமாக மகன் சுருண்டிருந்தான். இருட்டத் தொடங்கியபோது அலையின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. ஒரு முழத்துக்கும் குறைந்த உயரம், ஒரு கிலோ எடை. உலகின் மிகச் சிறிய பென்குயின் இனம். பத்துப் பன்னிரண்டு சேர்ந்து நின்றன. நான்கு அடி முன்னால் வந்தன, எதற்கோ பயந்து மொத்தமாகத் தண்ணீருக்கே ஓடின. மறுபடி வந்தன, மறுபடி ஓடின. மூன்றாம் முறை ஒன்று துணிந்து நடக்க, மற்றவை அதன் பின்னால் விறுவிறுவென்று மணலைக் கடந்தன. அங்கே படம் எடுக்கத் தடை. போனைப் பைக்குள் வைத்துவிட்டு எல்லோரும் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். "அது யாருக்காக நின்றது, அம்மா?" என்று காதோடு கேட்டான். கடைசியாக வந்த ஒன்று கூட்டத்தைத் தேடி அங்குமிங்கும் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னே போனவற்றில் ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது போலத்தான் எனக்கும் தெரிந்தது.

கிரேட் ஓஷன் ரோடு புகழ்பெற்றது. முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை அமைத்த 243 கிலோமீட்டர் கடலோரச் சாலை. ஒரே நாளில் போய்த் திரும்பும் பஸ் பயணம் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அது தண்டனை. நடுவில் ஓர் இரவு தங்க முடிந்தால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சிட்னியில் படகுதான் எல்லாம். சர்க்குலர் கீ துறையிலிருந்து டரோங்கா விலங்குக்காட்சிச் சாலைக்குப் படகில் போகலாம். 1916-லிருந்து அந்த இடத்தில் இருக்கிறது. போகிற வழியிலேயே 1932-ல் திறந்த இரும்புப் பாலமும் 1973-ல் திறந்த ஓபரா ஹவுஸும் கண்ணுக்கு முன்னால் நகரும். ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் பொது நுழைவு இலவசம். மழை நாளுக்கு ஒதுக்கி வையுங்கள். ரயிலில் இரண்டு மணி நேரத்தில் கட்டூம்பா போனால் நீலமலைப் பள்ளத்தாக்கு. பெரியவர்கள் வங்கி அட்டையைத் தொட்டே ரயில், படகு, பஸ்ஸில் ஏறலாம். நான்கு முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணம் வேண்டுமென்றால் சிறுவர் ஓபல் அட்டை வாங்க வேண்டும். அந்த அட்டையை மகனிடமே கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவன்தான் வழி பார்த்துச் சொல்வான். தப்பான நடைமேடைக்கு இரண்டு முறை போனோம். குறை சொல்லாமல் திரும்பி நடந்தேன்.

கார் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு சொல். நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதற்குரிய இருக்கை கட்டாயம். காரோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். பொழுது சாயும் நேரத்தில் நகருக்கு வெளியே ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும்.

இருவர் மட்டும் என்பதால்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். இதைச் செய்யாமல் எதையும் செய்யாதீர்கள்.

எனக்கு மயக்கம் வந்தால் இவன் என்ன செய்வான்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அங்கே அவசர உதவி எண் 000. அதை எப்படி அழைப்பது, பூட்டிய போனிலிருந்தும் எப்படி அழைப்பது, பெயரும் முகவரியும் எப்படிச் சொல்வது என்று வீட்டுக் கூடத்தில் பழகினோம். நான் விழுந்து கிடப்பது போல நடித்தேன். முதல் முறை சிரித்தான், இரண்டாம் முறை முகவரியை மறந்தான், நான்காம் முறை முழுவதும் சொன்னான். தங்கும் இடத்தின் முகவரி, என் போன் எண், அப்பாவின் எண் மூன்றையும் எழுதிய அட்டை அவன் கால்சட்டைப் பையில் தினமும் இருந்தது. எனக்குள்ள மருந்து ஒவ்வாமையையும் அதில் எழுதியிருந்தேன்.

தொலைந்துபோனால்? தேடி நடக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நான் தேடி வருவேன். சீருடை அணிந்தவரிடமோ குழந்தையோடு இருக்கும் பெண்ணிடமோ மட்டும் பேச வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் நுழைந்ததும் "இங்கே சந்திப்பது" என்று ஒரு தூணையோ கடையையோ காட்டிவிடுவேன். காலையில் அறையை விட்டுக் கிளம்பும்போது அவனைப் போனில் படம் எடுத்துக்கொள்வேன்; அன்று என்ன சட்டை என்று பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. ஒன்பது வயதுப் பையன் பெண்கள் பக்கம் வரக் கூசுவான். ஆண்கள் பக்கம் தனியே அனுப்ப நமக்குப் பயம். பெரிய கடைத்தொகுதிகளிலும் அருங்காட்சியகங்களிலும் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து பயன்படுத்தும் அறைகள் உண்டு. உள்ளே நுழைந்ததும் அது எங்கே என்று பார்த்து வையுங்கள்.

கடலில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும் கால் நனையுங்கள். உயிர்காப்பாளர் கண் அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

மருத்துவக் காப்பீடு இருவருக்கும் தனித்தனியாக, குழந்தையோடு யாராவது தங்க நேர்ந்தால் அதன் செலவும் அடங்கும்படி வாங்குங்கள். அங்கே ஒரு நாள் மருத்துவமனைச் செலவு நம் முழுப் பயணச் செலவையும் விழுங்கிவிடும்.

பணம்

முழுச் சுற்றுலாவையும் தொகுப்பாக ஒருவரிடம் வாங்கினால், விற்பவரே டி.சி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டிப் பிடிப்பார். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஃபாரெக்ஸ் அட்டை ஒன்று, வேறு வங்கியின் அட்டை ஒன்று, இரண்டையும் வெவ்வேறு பையில். பிள்ளைக்கு வாரச் செலவுக்கென்று ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். பொம்மைக் கடை வாசலில் நடக்கும் வழக்கெல்லாம் அதோடு தீர்ந்தது.

பெட்டி கட்டுவது

மே மாதம் என்றால் அம்மாச்சி மாம்பழம் கட்டித் தருவார். வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வேண்டாம். கறிவேப்பிலை, பச்சைக் காய், பழம், விதை எதுவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் உயிர்ப்பாதுகாப்புச் சட்டம் மிகக் கடுமையானது. தனித்து வளர்ந்த கண்டம், வெளியிலிருந்து ஒரு பூச்சியோ கால்நடை நோயோ வந்தால் பண்ணைகள் அழிந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு நியாயமாகவே உண்டு. தலையில் வைத்த மதுரை மல்லியையும் இறங்குவதற்கு முன் விமானத்திலேயே விட்டுவிடுங்கள். செருப்பு, ஷூவின் அடியில் மண் ஒட்டியிருந்தாலும் கேட்பார்கள். கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள்.

உணவுப் பொருள் என்று எது இருந்தாலும் வருகை அட்டையில் "ஆம்" என்று எழுதுங்கள். மறைத்தால்தான் அபராதம், சொல்லிவிட்டால் அதிகபட்சம் எடுத்து எறிந்துவிடுவார்கள். நான் பருப்புப் பொடி மட்டும் கடையில் முத்திரையிட்டுத் தந்த பொட்டலமாக எடுத்துப் போனேன். அதிகாரி பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பருப்பு, மிளகாய், பெருங்காயம் என்று மகன் ஆங்கிலத்தில் வரிசையாகச் சொன்னான். பெருங்காயத்துக்கு மட்டும் அவனுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. "மூக்கில் வைத்துப் பாருங்கள்" என்றான். அவர் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார்.

மருந்துகள் அசல் அட்டையோடு, ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டோடு. அங்கே பிளக் வேறு, சாய்ந்த தட்டைக் கம்பிகள். அடாப்டர் இரண்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், ஆளுக்கு ஒரு பாட்டில் போதும்.

கடைசி நாள்

ஊருக்குத் திரும்புவதற்கும் பள்ளி திறப்பதற்கும் நடுவில் நான்கு நாளாவது விடுங்கள். தூக்கம் பழைய நேரத்துக்கு வரவேண்டும்.

சிட்னியில் கடைசிப் பகலையும் வெறுமனே விட்டிருந்தேன். எங்கே போகலாம் என்று மகனிடம் கேட்டேன். பார்க்காத இடம் ஏதாவது சொல்வான், டிக்கெட் கிடைக்குமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "மான்லி படகு" என்றான். சர்க்குலர் கீயிலிருந்து மான்லி கடற்கரைப் பக்கம் போகும் படகு; ஏற்கெனவே இரண்டு முறை போனதுதான். ஏறினோம். அரை மணி நேரத்தில் மான்லி வந்தது. இறங்கி, அதே துறையில் அடுத்த படகுக்கு நின்றோம். திரும்பி வந்து மறுபடி ஏறினோம். மூன்றாம் சுற்றில் மேல்தளத்தில் குளிர் காற்றுக்கு என் தோளில் சாய்ந்துகொண்டு, வகுப்பில் தன்னோடு பேசாமல்போன ஒரு நண்பனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். மதுரையில் ஒரு வருடமாக என்னிடம் சொல்லாத கதை. படகு பாலத்தை நெருங்கியபோது பாதிதான் முடிந்திருந்தது. அட்டையில் பணம் இருக்கிறதா என்று பார்த்தேன். இன்னும் ஒரு சுற்றுக்கு இருந்தது.